ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்த பிரபு: ஷாஃப்ட்ஸ்பரி (1801 – 1885)



காலையில எழுந்திரிக்க அம்மா நாலு தடவை கூப்பிடணும். ஸ்கூல் பை கனமா இருக்குன்னு புலம்புவோம். ஆனா இருநூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் விடியும் முன்பே எழுந்து பஞ்சாலைக்கு ஓடினார்கள். இரவு வரைக்கும் வேலை. தூங்கி விழுந்தால் அடி. அந்தப் பிள்ளைகளுக்காக ஐம்பது வருடம் வாதாடிய ஒருவரின் கதைதான் இந்த மாதம். அவர் ஏழை இல்லை, தொழிலாளி இல்லை, பெரிய பிரபு குடும்பத்தின் மூத்த மகன்!

மாளிகையில் ஒரு பசித்த பையன்

அவருடைய முழுப்பெயர் அந்தோணி ஆஷ்லி கூப்பர். 1801 ஏப்ரல் 28-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரியின் ஆறாவது ஏர்ல் ஆனவர். ஏர்ல் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு பிரபு பட்டம். அம்மா மார்ல்பரோ டியூக்கின் மகள். டார்செட் மாவட்டத்தில் செயின்ட் கைல்ஸ் மாளிகை, நிலம், வேலையாட்கள் என்று எல்லாமே இருந்தது.

ஒன்றே ஒன்று இல்லை. அன்பு. அப்பாவுக்கு அரசியல், அம்மாவுக்கு விருந்தும் விழாவும். பிள்ளைகளைக் கண்டால் கண்டிப்பு மட்டும்தான். பெரிய வீட்டுப் பிள்ளைகளாக இருந்தும் பசியோடும் குளிரோடும் கிடந்த நாட்கள் உண்டு என்று அவர் வயதான பிறகும் நினைத்து வருந்தியிருக்கிறார்.

அந்த வீட்டில் அவனிடம் அன்பு காட்டியது ஒரே ஒரு ஆள்தான். மரியா மில்லிஸ் என்ற வேலைக்காரப் பெண்மணி. அவர்தான் பையனை மடியில் உட்கார வைத்து பைபிள் கதைகள் சொன்னார், ஜெபம் செய்யக் கற்றுக் கொடுத்தார். ஏழு வயதில் பையனை சிஸ்விக்கில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அடியும் அழுக்கும்தான். அவன் அங்கே படித்த காலத்திலேயே மரியா இறந்து போனார். சாகும்போது தன்னிடம் இருந்த தங்கக் கடிகாரத்தைப் பையனுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வேலைக்காரம்மா, பிரபு வீட்டுப் பையனுக்குச் சொத்து எழுதி வைக்கிறாங்க! அந்தக் கடிகாரத்தை அவர் சாகும்வரை சட்டைப் பையில் வைத்திருந்தார். வேறு கடிகாரம் வைத்துக்கொள்ளவில்லை.

தெருவில் விழுந்த சவப்பெட்டி

பன்னிரண்டு வயதில் ஹாரோ பள்ளிக்குப் போனார். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் புகழ்பெற்ற பள்ளி அது. பதினாலு வயது வாக்கில் ஒருநாள் தெருவில் கூச்சலும் பாட்டும் கேட்டது. பார்த்தால் நாலைந்து பேர் குடித்துவிட்டு ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வருகிறார்கள். திருப்பத்தில் கால் இடறியது, பெட்டி தொப்பென்று கீழே விழுந்தது. அவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள். பின்னால் அழுதுகொண்டு வர ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. செத்தவர் யாரோ ஒரு ஏழை, அவ்வளவுதான்.

சிறுவன் ஆஷ்லி அதிர்ந்து போய் நின்றான். ஏழையாகப் பிறந்தால் செத்த பிறகும் மரியாதை இல்லையா? கடவுள் துணையிருந்தால் வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்டவர்களுக்காகவே உழைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தான். இன்று ஹாரோவில் அந்தச் சம்பவத்தை நினைவுபடுத்தும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது.

நம்மில் பல பேர் இப்படி முடிவு எடுப்போம். அடுத்த வாரமே மறந்து போயிடும். இவர் மறக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

முதல் வேலை: மனநோயாளிகள்

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1822-ல் முதல் வகுப்பில் தேறினார். 1826-ல், 25 வயதில், பார்லிமெண்ட் உறுப்பினர் ஆனார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தத் தொகுதி அவருடைய அம்மா வழிக் குடும்பத்தின் கைக்குள் இருந்தது. கஷ்டப்படாமல் கிடைத்த பதவிதான். ஆனால் கிடைத்த பிறகு சும்மா இருக்கவில்லை.

மனநோயாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்க 1827-ல் ஒரு குழு அமைத்தார்கள். அதில் இவரும் ஒருவர். லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் இருந்த ஒரு விடுதியில், நோயாளிகளைச் சனிக்கிழமை மாலை வைக்கோலில் சங்கிலியால் கட்டிப்போட்டால், திங்கட்கிழமை காலையில்தான் அவிழ்த்துவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களுக்கு லீவு! இந்தக் கொடுமையைத் தடுக்க 1828-ல் வந்த சட்டத்தை ஆதரித்துத்தான் அவர் தன் முதல் முக்கியமான பேச்சைப் பேசினார். 1845-ல் அமைந்த மனநல ஆணையத்துக்குத் தலைவராகி, சாகும்வரை 40 வருடம் அந்த வேலையைச் செய்தார். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை.

மின்னி என்கிற நல்ல துணை

1830-ல் எமிலி கௌப்பர் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். வீட்டில் செல்லப் பெயர் மின்னி. மின்னியின் தாயார் 1839-ல் பாமர்ஸ்டன் பிரபுவை மறுமணம் செய்துகொண்டார். அந்த பாமர்ஸ்டன்தான் பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமர்.

1833 தொடக்கத்தில் ஒரு பாதிரியார் ஆஷ்லியைப் பார்க்க வந்தார். ஆலைப் பிள்ளைகளுக்காகப் பேசி வந்த மைக்கேல் சாட்லர் தேர்தலில் தோற்றுவிட்டார், அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டார். ஆஷ்லிக்கு ஒரே யோசனை. ஏற்றால் ஆலை முதலாளிகள் பகை, சொந்தக் கட்சிக்காரர்கள் கோபம். மந்திரி பதவி கனவாகவே போய்விடும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாக் கஷ்டத்தையும் சொன்னார். மின்னி தயங்கவே இல்லை. அது உங்கள் கடமை, பலனைக் கடவுள் பார்த்துக்கொள்வார், செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள், ஆறு ஆண், நாலு பெண். தன் அப்பா தனக்குச் செய்ததைத் தன் பிள்ளைகளுக்குச் செய்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார். பிள்ளைகளோடு விளையாடுவார், கூடவே உட்கார்ந்து படிப்பார்.

பத்து மணி நேரப் போராட்டம்

அப்போது ஆலைகளில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? அறுந்த நூலை ஓடி ஓடி முடிச்சுப் போடுவது. ஓடுகிற எந்திரத்துக்கு அடியில் புகுந்து பஞ்சைப் பெருக்குவது. ஒரு நாளைக்கு 12 மணி, 14 மணி நேரம். கை மாட்டினால் கை போச்சு. சில ஆலைகளில் கடிகாரத்தைக் காலையில் முன்னால் தள்ளி வைப்பார்கள், சாயந்திரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். இப்படி நேரத்தைத் திருடுகிறார்கள் என்று தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் வேலை என்று ஆஷ்லி கேட்டார். அரசாங்கம் வேறு ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தது. அதுதான் 1833 ஆலைச் சட்டம். அதன்படி,

* 9 வயதுக்குக் கீழ் வேலை கிடையாது (பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு)
* 9 முதல் 13 வயது வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரம்
* 13 முதல் 18 வயது வரை 12 மணி நேரம்
* சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் 2 மணி நேரம் படிப்பு
* சட்டத்தைக் கண்காணிக்க 4 ஆய்வாளர்கள்

நாடு முழுவதற்கும் நாலே நாலு ஆய்வாளர்கள்! இருந்தாலும் ஆலைக்குள் போய்ப் பார்க்க அரசாங்க ஆள் வந்ததே பெரிய மாற்றம்தான். ஆஷ்லி திருப்தி அடையவில்லை. பத்து மணி, பத்து மணி என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1841-ல் பிரதமர் பீல் அவருக்கு அரண்மனைப் பதவி ஒன்று தர முன்வந்தார். வாங்கிக்கொண்டால் வாயை மூட வேண்டியிருக்கும் என்று வேண்டாம் என்றுவிட்டார். அவர் கையில் அப்போது பணமும் இல்லை, கடன்தான் இருந்தது. அந்தக் காலத்தில் பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்குச் சம்பளமும் கிடையாது.

சுரங்க இருட்டில் பிள்ளைகள்

அவர் கேட்டதன் பேரில் அமைந்த ஒரு விசாரணைக் குழு 1842-ல் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் படங்களும் இருந்தன. படிக்க நேரமில்லாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார்கள்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பூமிக்கு அடியில் கும்மிருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடுவதுதான் வேலை. நாள் முழுக்க அதுதான். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இடுப்பில் பெல்ட் கட்டி, காலுக்கு நடுவே சங்கிலி மாட்டி, நாலு காலில் தவழ்ந்துகொண்டே கரி வண்டியை இழுப்பார்கள். பெண்களும் அப்படித்தான்.

1842 ஜூன் 7-ஆம் தேதி ஆஷ்லி இரண்டு மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவரை அவரை எதிர்த்து வந்த ரிச்சர்ட் காப்டன் என்ற ஆலை முதலாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்களும், 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று அந்த வருடமே சட்டம் வந்தது. ஆஷ்லி கேட்டது 13 வயது. சுரங்கம் வைத்திருந்த பிரபுக்கள் தங்கள் சபையில் அதைப் பத்தாகக் குறைத்துவிட்டார்கள். இவரும் பிரபு, அவர்களும் பிரபுக்கள்தான்!

அப்பாவும் வயல் கூலிகளும்

எதிரிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆலைக் கூலிகளுக்காக அழுகிறாரே, அவர் அப்பாவின் நிலத்தில் வேலை செய்யும் கூலிகளின் குடிசைகளைப் பார்த்தாரா? கேள்வியில் நியாயம் இருந்தது. டார்செட் விவசாயக் கூலிகள் மிகக் குறைந்த கூலியில், ஒழுகும் வீடுகளில்தான் வாழ்ந்தார்கள்.

ஆஷ்லி மழுப்பவில்லை. 1843-ல் டார்செட்டிலேயே, நிலக்காரர்கள் கூடியிருந்த கூட்டத்தில், கூலிகளின் நிலைமையை வெளிப்படையாகப் பேசினார். அப்பாவுக்குக் கடும் கோபம். இருவருக்கும் அடிக்கடி மனஸ்தாபம். பிறந்த வீட்டு வாசல் அவருக்கு மூடியே இருந்த வருடங்களும் உண்டு.

1851-ல் அப்பா இறந்தார். ஐம்பது வயதில் ஆஷ்லி ஏழாவது ஏர்ல் ஆஃப் ஷாஃப்ட்ஸ்பரி ஆனார். மக்கள் சபையிலிருந்து பிரபுக்கள் சபைக்குப் போனார். சொத்தோடு பெருங்கடனும் வந்து சேர்ந்தது. கூலிகளின் குடிசைகளைப் பார்த்து வெட்கப்பட்டு, மாளிகையில் இருந்த ஓவியங்களை விற்று நல்ல வீடுகள் கட்டினார். போதாக்குறைக்கு, நிலத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆளே பணத்தைச் சுருட்டிவிட்டான். அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது.

ஜெயித்த அன்று அவர் அங்கே இல்லை

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்றும் சொல்லலாம், வேதனை என்றும் சொல்லலாம். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போடும் தானியச் சட்டங்களைக் காப்பாற்றுவேன் என்று சொல்லி டார்செட் விவசாயிகளிடம் ஓட்டு வாங்கியிருந்தார். பின்னால் அவர் மனம் மாறியது. அந்தச் சட்டங்கள் போகத்தான் வேண்டும் என்று நினைத்தார். வாக்கு மாறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று 1846-ல் தானாகவே ராஜினாமா செய்தார்.

அடுத்த வருடம், 1847-ல், பத்து மணி நேரச் சட்டம் ஜான் ஃபீல்டன் என்பவரின் முயற்சியில் நிறைவேறியது. பதினாலு வருடம் இதற்காகவே பாடுபட்டவர் சபைக்கு வெளியே நின்றார்! பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேரம்தான் வேலை. முதலாளிகள் ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் போட்டுச் சட்டத்தை ஏமாற்றினார்கள். 1850-ல் அந்த ஓட்டையை அடைக்க பத்தரை மணி நேரம் என்ற சமரசத்துக்கு ஆஷ்லி ஒத்துக்கொண்டார். தொழிலாளர்கள் பலர் அவரைத் துரோகி என்றே திட்டினார்கள். பத்து மணி நேரம் மறுபடி சட்டமானது 1874-ல்தான்.

புகைபோக்கிச் சிறுவர்கள்

குளிர் நாடு என்பதால் வீட்டுக்கு வீடு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு. அதன் உள்ளே ஏறிக் கரியைச் சுரண்டுவதற்குச் சின்னப் பையன்களை அனுப்புவார்கள். குழாய் குறுகல். பயந்து நின்றால் கீழே நெருப்பு மூட்டுவதும் உண்டு. சிக்கி மூச்சுத் திணறிச் செத்தவர்கள் பலர்.

1840-ல் ஒரு தடைச் சட்டம் வந்தது. யாரும் மதிக்கவில்லை. 1864-ல் இன்னொன்று. அதையும் மதிக்கவில்லை. 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். 74 வயது ஷாஃப்ட்ஸ்பரி மறுபடியும் சட்டம் கொண்டு வந்தார். இந்த முறை புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும், போலீஸ் கண்காணிக்கும். அதற்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஒழிந்தது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

கந்தல் பள்ளிகள்

கிழிந்த துணியோடு தெருவில் திரிந்த பிள்ளைகளை மற்ற பள்ளிகளில் சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்காக நல்ல மனம் உள்ளவர்கள் இலவசமாக நடத்தியவைதான் கந்தல் பள்ளிகள். 1844-ல் அவற்றுக்கு ஒரு சங்கம் அமைந்தது. ஷாஃப்ட்ஸ்பரி அதன் தலைவராகிக் கடைசிவரை இருந்தார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார்.

1848-ல் சுமார் 400 திருடர்கள் கூடிய கூட்டத்துக்கும் போனார்! திருந்த ஆசை, ஆனால் வேலை தர யாரும் இல்லை என்று அவர்கள் சொன்னதைக் கேட்டார். தள்ளுவண்டியில் காய், பழம் விற்பவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைத்தார்கள். அன்பாக ஒரு கழுதையை அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். பிரபு அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

வீட்டில் விழுந்த இடிகள்

ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் தன் பிள்ளைகள் நாலு பேரைப் பறிகொடுத்தார். மகன் ஃபிரான்சிஸ் 1849-ல் ஹாரோவில் படிக்கும்போது 16 வயதில் இறந்தான். வலிப்பு நோயால் அவதிப்பட்ட மாரிஸ் 1855-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தான். மேரி 1861-ல். 1872 அக்டோபரில் மனைவி மின்னி போனார். அதே வருடம் டிசம்பரில் மகள் கான்ஸ்டன்ஸும் போனாள். இத்தனைக்குப் பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. புகைபோக்கிச் சட்டம் வந்தது இந்தத் துக்கங்களுக்குப் பிறகுதான்.

குறைகளும் உண்டு

அவர் குறையே இல்லாத மனிதர் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஏழைகளுக்காக உழைத்தார், ஆனால் ஏழைகள் கையில் ஓட்டுரிமை கொடுக்கப் பயந்தார். 1867-ல் நகரத் தொழிலாளர்களுக்கு ஓட்டு கொடுத்த சட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1870-ல் அரசாங்கப் பள்ளிகள் வந்தபோது, மதக் கல்வி போய்விடுமே என்று கவலைப்பட்டார். பெரியவர்கள் பார்த்து நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் அவருக்கு. தொழிலாளர்கள் தாங்களே கேட்டு வாங்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை.

நம்ம நாட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு! 1879-ல் பிரபுக்கள் சபையில் அவர் இந்தியப் பஞ்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிப் பேசி, அங்கேயும் சட்டம் வேண்டும் என்று கேட்டார். பம்பாய் ஆலைகளின் போட்டியைக் குறைப்பதற்காக மான்செஸ்டர் முதலாளிகளும் இதையே கேட்டார்கள் என்பதும் உண்மை. ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1881-ல், இந்தியாவின் முதல் ஆலைச் சட்டம் வந்தது. 7 வயதுக்குக் கீழ் வேலை இல்லை, 7 முதல் 12 வயது வரை 9 மணி நேரம், மாதம் 4 நாள் விடுமுறை. இன்றைக்குப் பார்த்தால் இது மிகவும் குறைவு. ஆனால் ஆரம்பம் அதுதான். நம் அரசியல் சட்டத்தின் 24-ஆவது பிரிவு 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1947-ல் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக இருந்த மவுண்ட்பேட்டனின் மனைவி எட்வினா, ஷாஃப்ட்ஸ்பரியின் மகன் ஈவ்லினுடைய பேத்தி.

கடைசி ஊர்வலம்

1885 அக்டோபர் 1-ஆம் தேதி ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் 84 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே அடக்கம் செய்ய முன்வந்தார்கள். ஆனால் அவர் சொந்த ஊர்க் கோயிலில் மனைவி பக்கத்தில்தான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அதனால் அஞ்சலி மட்டும் அங்கே நடந்தது. வழி நெடுக ஏழை ஜனங்கள், கந்தல் பள்ளிப் பிள்ளைகள், பூ விற்கும் பெண்கள், தள்ளுவண்டிக்காரர்கள். ஹாரோ தெருவில் அழ ஆளில்லாமல் போன அந்தச் சவப்பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் வில்லோடு பறப்பது போல ஒரு சிலை இருக்கிறதே, படத்தில் பார்த்திருப்பீர்கள். 1893-ல் அவர் நினைவாகத்தான் அதை வைத்தார்கள். பலருக்கு அது யாருக்காக வைத்தது என்றே தெரியாது. அலுமினியத்தில் செய்தது அது.

நண்பர்களே, பள்ளிக்கு வரும் வழியில் டீக்கடையிலோ மெக்கானிக் ஷெட்டிலோ நம் வயசுப் பையனைப் பார்த்தால், இனிமேல் பார்க்காதது மாதிரி போகாதீர்கள். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. நம் ஆசிரியர்களிடமும் சொல்லலாம்.

இதைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அது ஆலை மணி இல்லை, வகுப்பு மணி. வாங்க, போகலாம்.

– 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு